அடுத்த அறையிலிருந்து பேசு

நூபியா,
மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
என்னை இப்படிப் பார்க்காதே.
காப்பி ஆறுகிறது.
ஏதோ சொல்ல வாயெடுக்கிறாய், விழுங்கிவிடுகிறாய்.

ஒன்பது வருஷம் நான்கு மாதம்
உன் குரலுக்கு முகம் கிடையாது.
ஞாயிறு விடியுமுன், நாலரை மணிக்கு,
ஒவீதியோவின் ரேடியோவில் வருவாய்.
மழை பிடித்துக்கொண்டால் வரமாட்டாய்.
எங்கள் இரண்டு கழுத்தையும் பிணைத்த சங்கிலியில்
ஏரியல் கம்பியைச் சுற்றினால்
இரைச்சல் கொஞ்சம் அடங்கும்.
அந்தச் சங்கிலி செய்த ஒரே நல்ல காரியம்.

உனக்கு இரண்டு நிமிஷம்.
கூரை ஒழுகுகிறது என்றாய்.
ஆறு வாரம் கழித்து, தகரம் மாற்றியாயிற்று,
ஆணிக்குத்தான் கூடுதல் காசு என்றாய்.
மாரிசெல் பரீட்சையில் தேறினாள்.
மாரிசெல் உன்னை மாதிரியே கோபப்படுகிறாள்.
"வரிசையில் ஆள் நிற்கிறார்கள், வைக்கிறேன்."
எப்போதும் அதுதான் கடைசி.
உன்மேல் அன்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.
கூரையைப் பற்றிச் சொன்னாய்.

காவலுக்கு யுராணி.
இருபது வயதுகூட இராது.
அவளும் கேட்பாள், கேட்காததுபோல.
ஒருநாள் சொன்னாள்:
"உன் பெண்டாட்டிக்குச் சளி பிடித்திருக்கிறது."

ராணுவம் வந்தால் முதலில் எங்களைச் சுடவேண்டும்.
அது அவளுக்கிட்ட உத்தரவு.
எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்,
தெரிந்துகொண்டேதான் ஒரே பானையில் சாப்பிட்டோம்.

அன்று அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.
ஹெலிகாப்டர் சத்தம் இல்லை, நாய் குரைக்கவில்லை.
ஓடைத்தண்ணீர் எழுந்து நடந்து வந்ததுபோல
முகத்தில் சேறு பூசிய ஆட்கள்.
யுராணியின் துப்பாக்கி என் நெஞ்சைப் பார்த்தது.
எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள்.
பானை பொங்கி நெருப்பில் வழியும் அளவு நேரம்.
பிறகு அவள் ஓடினாள்,
ஒரு கால் பூட்சைச் சேற்றிலேயே விட்டுவிட்டு.

"பெயர்?"
தளபதி மூன்று தரம் கேட்டார்.
இரும்பு வெட்டும் கத்தரியோடு ஒரு சிப்பாய்
கழுத்தை ஆட்டாதே என்றான்.
வெட்டியதும் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.
எடையில்லாமல் அதை நிமிர்த்திப் பிடிக்க
எனக்குத் தெரியவில்லை.

பிறகு மேலே ஏறினோம்.
மற்றவர்கள் பாடினார்கள், கட்டிக்கொண்டார்கள்,
ஒருவர் வாந்தியெடுத்தார்.
நான் குனிந்து குவாவியாரே காட்டைப் பார்த்தேன்.
பச்சை. மறுபடி பச்சை.
கீழே ஒரு ஈ எறும்பு இருப்பதாகத் தெரியவில்லை.
இத்தனை வருஷமும் விமானங்கள்
எங்களை இப்படித்தான் பார்த்திருக்கின்றன.

ஒவீதியோ அதற்குள்தான் எங்கோ.
மலேரியா வந்து நடக்கமாட்டாமல் போனதால்
இரண்டு மாதம் முன்னால்
வேறு முகாமுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள்.
சங்கிலியில் அவன் பாதி காலியாகவே தொங்கியது.
ரேடியோவை என்னிடம் விட்டுப்போனான்.
அவனுக்கு இப்போது யார் குரல் கேட்கும்?

நேற்றிரவு கக்கூஸ் போக
உன்னிடம் அனுமதி கேட்டேன்.
நீ அழுதாய்.
நான் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே.
எழுந்து அடுத்த அறைக்குப் போ.
கதவைச் சாத்திக்கொள். அங்கிருந்து பேசு.
ஆணி என்ன விலை, யார் வீட்டில் சாவு,
எதுவானாலும்.
முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறேன்.

(நாற்காலி நகர்கிறது.
கதவு.
மரப்பலகைக்கு அப்பால் ஒரு செருமல்.
சளி இன்னும் போகவில்லை உனக்கு.)

இன்னொன்று.
ஞாயிற்றுக்கிழமை வானொலி நிலையத்துக்குப் போகிறேன்.
ஒவீதியோவின் அக்கா அம்பாரோ
தன் இரண்டு நிமிஷத்தை எனக்குத் தருகிறாள்.
அவன் காதில் வேறொரு ரேடியோ இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
எழுதிப் பார்த்தேன், கிழித்தேன்.
நான் வெளியே வந்துவிட்டேன் என்பதை
உள்ளே இருப்பவனிடம் எந்த வாயால் சொல்வது?
இந்த வேலை உனக்குத்தான் தெரியும்.
என்ன பேசட்டும், நூபியா?

கதவுக்குப் பின்னால்
வெகுநேரம் சத்தமில்லை.

"கூரையைப் பற்றிச் சொல்."